உறை ஊற்றிய தண்ணீர்

தருவைக்கரை அரசு மருத்துவமனையில் யாரும் அழுவதில்லை என்பதை முதலில் கவனித்தவள் ஒரு வெளியூர்க்காரி. உள்ளூர்க்காரர்களுக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எதையுமே பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஊராக அது மாறிப் போயிருந்தது.

அந்த வெளியூர்க்காரியின் பெயர் ஆஃப்ரின். நீர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு வடக்கேயிருந்து மாற்றலாகி வந்திருந்தாள். வந்த வாரமே மருத்துவமனைத் தண்ணீரை எடுத்துப் பார்க்கப் போனவள், பிணவறை வாசலில் ஒரு குடும்பத்தைக் கண்டாள். விபத்தில் அடிபட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து இறந்துபோன வாலிபனின் உடலுக்காகக் காத்திருந்தார்கள். தாய், தகப்பன், புதிதாகக் கல்யாணமான மனைவி. வார்டு வாசலிலேயே நாள்கணக்கில் கிடந்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தண்ணீர் குடித்தவர்கள். இப்போது ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல நின்றார்கள். மனைவி ஒரே ஒருமுறை, "இன்னும் நேரமாவுமா?" என்று கேட்டாள். காவலாளி, "ஆவும்மா," என்றார். அவள் தலையாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஆஃப்ரினுக்கு நாகரிகமான அமைதி என்று அதை நினைக்க முடியவில்லை. பாட்டில்களை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள்.

மேலே ஜெரூஷா குத்தவைத்து உட்கார்ந்து, கூரை வாய்க்காலில் அடைத்திருந்த வேப்பஞ்சருகையும் புறா எச்சத்தையும் வழித்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. நகராட்சியின் மழைநீர்ப் பராமரிப்பில் வேலை. மருத்துவமனை, தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடங்கள், பஸ் ஸ்டாண்டு, கோர்ட்டு என்று ஊரின் பொதுக்கட்டடங்களிலுள்ள மழைத்தொட்டிகள் எல்லாம் அவள் பொறுப்பு. நிலத்தடியில் கடல்நீர் ஏறிய பிறகு அப்படியொரு சட்டம் வந்திருந்தது. வீடுகளுக்குக் கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுவார்கள். பொதுக்கட்டடம் ஒவ்வொன்றும் தன் தலையில் விழும் மழையைத் தானே பிடித்து, தானே சுத்தம் செய்து, தானே குடித்துக்கொள்ள வேண்டும்.

சுத்தம் செய்வது மணலும் கரியும் மட்டுமல்ல. வடிதட்டின்மேல் உயிருள்ள ஒரு படலம் படிந்திருக்கும். ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த நுண்ணுயிர். அழுக்கையும் மருந்துக் கழிவையும் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. பால்மேல் படிவதைப் போலிருந்ததால் வேலைக்காரர்கள் ஆடை என்றார்கள். அதுவே நிலைத்தது.

"இந்தச் சின்னக் குழாய் எங்கேருந்து வருதுக்கா?" என்று ஆஃப்ரின் கேட்டாள். மழைக்குழாயின் விலாவில் மெல்லிய குழாய் ஒன்று வந்து சேர்ந்திருந்தது.

"அது ஆபரேஷன் தியேட்டர் ஏசில வடியுத தண்ணி மேடம். மழை பொய்ச்ச வருஷம் சேத்து விட்டது. சும்மா தரையில ஓடுதே, வீணாப் போவானேன்னு."

"யார் சொல்லிச் சேத்தாங்க?"

"யாரும் சொல்லல. எல்லாரும் சரின்னாங்க."

ஜெரூஷா தட்டின் மூடியைத் திறந்து காட்டினாள். ஆடை தடிமனாக, இளம்பச்சையாக, பார்க்க ஆரோக்கியமாகவே இருந்தது.

"ஊர்லயே நல்ல ஆட இதுதான். இங்கருந்துதான் எல்லாக் கட்டடத்துக்கும் எடுத்துட்டுப் போறது."

"எடுத்துட்டுப் போறதுன்னா?"

"கம்பெனி பாக்கெட்டப் போட்டா படியதுக்கு ரொம்ப நாளாவும். அதுவரைக்கும் கட்டடத்துக்காரங்க நம்ம உசுர வாங்கிருவாங்க. அதனால நல்லா இருக்க தட்டுலருந்து ஒரு கரண்டி வழிச்சுட்டுப் போயி புதுத் தட்டுல விட்டா, ஒரு வாரத்துல கட்டியாப் படிஞ்சிரும். வீட்டுல தயிருக்கு உறை ஊத்துதோம்லா, அதேதான். எங்க செட்டுல எல்லாரும் இப்படித்தான் செய்யுதது."

வேலை முடிந்ததும் அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் மேலே வந்தார். இது அங்கே எழுதப்படாத வழக்கம். தொட்டியைக் கழுவியவர், கட்டடத்துக்காரர் முன்னால் முதல் தம்ளரைக் குடித்துக் காட்டவேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் குடிப்பார்கள். ஜெரூஷா குடித்தாள். இன்னொரு தம்ளரை ஆஃப்ரினிடம் நீட்டினாள்.

"வேண்டாம்க்கா, வீட்டுலேருந்து கொண்டாந்திருக்கேன்," என்றாள் ஆஃப்ரின். பிறகு சும்மா பேச்சுக்கு, "பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"ஒரே பொண்ணு. போன மழைக்கு எறந்துட்டா," என்றாள் ஜெரூஷா. வால்வில் வாஷர் தேய்ந்துபோய்விட்டது என்று சொல்லும் குரலில்தான் அதையும் சொன்னாள். ஆஃப்ரின் கொண்டுவந்த பாட்டில்களில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெரூஷாவின் புருஷன் ரெக்ஸனுக்கு உப்பளத்தில் பம்பு ஓட்டும் வேலை. வீட்டுக் குழாய்த்தண்ணீரைக் கேனில் பிடித்து எடுத்துப்போவான். தாலுகா ஆபீஸுக்கோ மருத்துவமனைக்கோ அவனுக்கு வேலையில்லை. அதனால் அந்த ஊரில் முழு மனசோடு திரிந்த சிலரில் அவனும் ஒருவனாக இருந்தான். அதற்கான கூலியையும் அனுபவித்துக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்து வரும்போது பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிவிடுவான். மகள் இவாவுக்குப் பிடித்தது. வாங்கிய பிறகுதான் அவள் இல்லை என்பது ஞாபகம் வரும். கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மறுநாள் காலையில் ஜெரூஷா அந்தப் பன்னைக் காப்பியில் தொட்டுத் தின்பாள். வீணாகக் கூடாதென்றுதான். வேறு எண்ணம் அவளுக்கு இல்லை.

தினமும் கேட்கும் கேள்வியை அன்று சாயங்காலமும் கேட்டான்.

"நீ ஏன்ளா கத்தல?"

போன வருஷம் இவாவுக்குப் பள்ளிக்கூடத்திலேயே வயிற்றுவலி. பள்ளிக்கூடமும் அதே ஆடைத் தண்ணீரைத்தான் குடித்தது, பிள்ளையும் குடித்தது. வலி இருந்தது, பயம் இல்லை. "லேசா வலிக்கிம்மா," என்றாள். ஜெரூஷா அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் டோக்கன் எடுத்தாள். நர்ஸ், "ரொம்ப வலிக்கா?" என்று கேட்டாள். "இல்ல, லேசாத்தான்." பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிள்ளையின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. ஜெரூஷா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முறை வரும் என்று காத்திருந்தாள். நர்ஸும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குடல்வால் வெடித்து விஷம் உடம்பெங்கும் பரவியிருந்தது. உப்பளத்திலிருந்து ரெக்ஸன் ஓடிவந்து அந்தக் கட்டடமே அதிரக் கத்தியபோது, பிள்ளையைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அதற்குள் உயிர் போயிருந்தது. அப்போதும் அங்கே பதறியவன் அவன் ஒருவன்தான்.

"சொல்லு. ஒரு சத்தம் போட்டிருந்தா உள்ள கொண்டு போயிருப்பாங்கல்லா?"

"போட்டிருக்கலாம்," என்றாள் ஜெரூஷா. "தோணல. சாப்பிடுங்க, சோறு ஆறுது."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவளுக்கு அவன்மேல் கோபமும் இல்லை, பாவமென்றும் தோன்றவில்லை. தட்டை மூடி வைத்தாள்.

சில வாரம் கழித்து, அதற்குள் இவா இறந்த கதையையும் கேட்டறிந்திருந்த ஆஃப்ரின், ஜெரூஷாவைப் பரிசோதனைக்கூடத்துக்கு வரச்சொன்னாள். அவளை உட்காரவைத்துத் தன் வீட்டுத் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தாள். சொல்வதற்கு முன் நாற்காலியை இரண்டு மூன்று முறை நகர்த்திப் போட்டாள்.

"ஆபரேஷன் தியேட்டர்ல மயக்கமருந்துக் காத்து கசியும். அது ஏசி தண்ணியில கலந்து தொட்டிக்கு வந்திருக்கு. ஆடைக்கு வேலையே மருந்தத் திங்கறது. தின்னுக்கிட்டே இருந்ததுல அதுக்கு அந்த மருந்தோட வித்தை பிடிபட்டுப் போச்சு. இப்ப அதுவே ஒண்ணைச் செய்யுது. தூக்கம் வராது, மயக்கம் வராது. ஆனா பயம், துக்கம், பதட்டம் எதுவும் மேல வராம அமுக்கி வச்சிடும்."

"எல்லாக் கட்டடத்துலயுமா?"

"நீங்க உறை ஊத்துன எல்லாக் கட்டடத்துலயும்."

ஜெரூஷா டீயைக் குடித்து முடித்தாள். தம்ளரை மேசையில் வைத்தாள்.

"அப்ப நான் கத்தாம இருந்தது இதனாலயா?"

ஆஃப்ரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆமாக்கா. பாப்பா லேசாத்தான் வலிக்குதுன்னு சொன்னதும் இதனாலதான்."

"சரி," என்றாள் ஜெரூஷா. "குடிக்காம இருந்தா எனக்கு அது எப்பம் வரும் மேடம்?"

"எது?"

"அழுக."

இருவரும் மருத்துவமனைத் தலைமை மருத்துவர் கார்முகிலனைப் பார்க்கப் போனார்கள். கெட்ட மனிதர் இல்லை. அறிக்கையை ஒரு வரி விடாமல் படித்தார். மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார். குடித்தபிறகுதான் என்ன குடித்தோம் என்று தம்ளரைப் பார்த்தார், சிரித்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் இங்க டாக்டர அடிக்கிறது சர்வசாதாரணம். எனக்கே மண்ட ஒடைஞ்சிருக்கு. நர்ஸ் யாரும் இந்த ஊருக்கு வரமாட்டாங்க. இப்ப இங்கருந்து மாற்றல் வேணும்னு ஒருத்தரும் எங்கிட்ட வர்றதில்ல. தாலுகா ஆபீஸ்ல குறைதீர்க்கிற நாள்னு வச்சா குறையே வர்றதில்லயாம். இத எடுத்துட்டா நாளைக்கு என் வார்டுல என்ன நடக்கும்னு யோசிச்சீங்களா?"

"குறை இல்லாம இல்ல சார், சொல்றதுக்குத் தெம்பில்ல," என்றாள் ஆஃப்ரின். "அவசரப் பிரிவு பெஞ்சுல உக்காந்தபடியே செத்தவங்க எண்ணிக்கை கூடியிருக்கு. அவங்க சத்தம் போடல. சத்தம் போடாததால யாரும் திரும்பிப் பாக்கல. பாக்க வேண்டியவங்களும் இதையேதான் குடிக்கறாங்க."

கார்முகிலன் யோசித்தார். "உண்மையா இருக்கலாம். வருத்தமான விஷயம்," என்றார், வருத்தமே இல்லாமல். "மேல எழுதுவோம். குழு போடுவாங்க. அதுவரைக்கும் இருக்கிறது இருக்கட்டும்."

வெளியே வந்ததும் ஆஃப்ரின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழு போடுவார்கள், குழு வந்து டீ குடிக்கும், டீயும் இந்தத் தண்ணீரில்தான் போடுவார்கள். நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"தட்ட வழிக்கதுக்கு உத்தரவு வேண்டாம் மேடம்," என்றாள் ஜெரூஷா. "அது பராமரிப்பு. நான் எப்ப வேணாலும் செய்யலாம். கோர்ட்டுக்கு மட்டும்தான் ஜட்ஜய்யா கையெழுத்து வேணும், இல்லாட்டா மாடிக்கதவத் தெறக்க மாட்டாங்க. அதுக்கு எழுதிப் போடுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

"உங்களுக்கு இப்ப வலியே இல்லயேக்கா. எதுக்கு இழுத்து வச்சுக்கறீங்க?"

ஜெரூஷா கணக்குப் பாடத்தில் விடை தேடுகிற பிள்ளை மாதிரி யோசித்தாள். "என் பிள்ளைக்கு நான் இன்னும் அழல மேடம். அது சரியில்லன்னு தெரியுது. வீட்டுல அவரு ஒருத்தரே ரெண்டு பேரு அழுகையையும் அழுதுட்டிருக்காரு."

அன்று ரெக்ஸனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டான்.

"அந்தத் தண்ணியக் குடிச்சா பிள்ள நெனப்பே வராதா?"

"வரும். எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கும். சும்மா இருக்கும், அவ்வளவுதான்."

"சும்மான்னா?"

"போன வருஷத்துக் காலண்டரப் பாத்தா இருக்கும்லா, அப்படி."

ஜெரூஷா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லைதான். ஆனால் ஒரு மனைவி இந்த இடத்தில் என்ன சொல்லுவாள் என்பது அவளுக்கு மறந்துபோகவில்லை. "கொஞ்ச நாள் பொறுங்க. நானும் வந்துருவேன்," என்றாள்.

மறுநாளிலிருந்து வீட்டுத் தண்ணீரைக் கேனில் எடுத்துப்போனாள். முதலில் மருத்துவமனை. ஏசிக் குழாயைப் பிடுங்கி வாயை அடைத்தாள். ஆடையை வழித்துச் சுண்ணாம்பில் புதைத்தாள். தொட்டியைக் குளோரினால் கழுவிக் கம்பெனி பாக்கெட்டைப் போட்டாள். மருந்தில்லாத முதல் தம்ளரை அன்றுதான் குடித்துக் காட்டினாள். அப்புறம் தாலுகா ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடங்கள். கூட வேலைபார்த்தவர்கள், "நல்லா இருந்த ஆடைய ஏன் அழிக்கிய?" என்று கேட்டார்கள். ஆனால் தடுக்கவில்லை. தடுக்குமளவுக்கு யாருக்கும் அக்கறை இல்லை.

மெல்ல மெல்ல ஊருக்கு உணர்வு திரும்பியது. பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. தாலுகா ஆபீஸில் ஒருவன் நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தான். அவன் மனு எத்தனையோ காலமாக அங்கேயே கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் சண்டை. மருத்துவமனையில் ஒரு நர்ஸின் கன்னத்தில் அறை விழுந்தது, அவள் அன்றே மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தாள். பிணவறை வாசலில் ஒரு கிழவர் நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதார். பழகாத சத்தமாக இருந்ததால் வார்டிலிருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து எட்டிப்பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலரும் அழ ஆரம்பித்தார்கள். எப்போதோ செத்துப்போனவர்களுக்கான அழுகை அது.

ஜெரூஷாவுக்கு மட்டும் வரவில்லை. ஊரிலேயே அதிகம் குடித்தவள் அவள். ஒவ்வொரு கட்டடத்திலும் முதல் தம்ளர் அவளுடையது. "உடம்பு விட்டு எறங்க நாளாகும்க்கா," என்றாள் ஆஃப்ரின். ஜெரூஷா காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான்.

கோர்ட்டுக்கு உத்தரவு வந்துவிட்டதாக ஒரு சனிக்கிழமை காலையில் ஆஃப்ரின் போன் செய்தாள். திங்கள்கிழமை மாடிக்கதவைத் திறந்து விடுவார்களாம். "சரி மேடம்," என்று சொல்லிவிட்டு ஜெரூஷா நகராட்சிப் பள்ளிக்குப் போனாள். தொட்டியின் மிதவை வால்வு சிக்கியிருந்தது. ஏணியில் நின்று அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு சத்தம். சத்துணவு வரிசையில் நின்ற சின்னப்பெண் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து அலறினாள். "வலிக்கி டீச்சர்! வலிக்கி!" பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கிற அலறல். டீச்சர் தட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு ஓடிவந்தாள். பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆட்டோ! யாராவது ஆட்டோவ நிப்பாட்டுங்க!" என்று கத்தியபடி செருப்புக்கூட இல்லாமல் கேட்டைத் தாண்டி ஓடினாள்.

ஜெரூஷா கையிலிருந்த வால்வு கீழே விழுந்து உடைந்தது.

இவ்வளவுதான். அன்றைக்கு இவ்வளவு செய்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். அவள் ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ பிய்ந்துகொண்டு மேலே வந்தது. வலி தாங்காமல் பள்ளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சும், டோக்கனும், "லேசா வலிக்கிம்மா" என்ற குரலும், வெளுத்த உதடும் ஒன்றாக வந்து இறங்கின. வீட்டுக்குப் போகவேண்டும் என்று மட்டும் தோன்றியது. இந்த உலகத்தில் இந்த வலி தெரிந்த இன்னொரு ஆள் வீட்டில்தான் இருந்தான்.

ரெக்ஸனுக்கு அன்று வார விடுப்பு. சவரம் செய்து, குளித்து, அடுப்பில் மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். ஜெரூஷா உள்ளே வந்து அவன் தோளில் விழுந்தாள்.

"நான் கத்திருக்கணும். நான் கத்திருக்கணும்ங்க. என் பிள்ள பக்கத்துலயே சாவுது, நான் டோக்கனப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்!"

அவள் குரல் உடைந்து வீடு முழுக்கக் கேட்டது. ஒரு வருஷத்து அலறல். ரெக்ஸன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். நிதானமாகத் தட்டினான்.

"சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு. யாரு என்ன செய்ய முடியும்."

அவள் தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். சமையல்மேடையில் ஒரு கேன் இருந்தது. அது வீட்டுக் கேன் இல்லை.

"எப்பருந்து?" என்றாள்.

"நீ ஆஸ்பத்திரியக் கழுவுன வாரத்துலருந்து. கோர்ட்டு வாசல்ல குழாய் இருக்குல்லா, வேல முடிஞ்சு வரும்போது பிடிச்சுக்கிடுவேன்." அவன் எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தேவையான பயம் அவனிடம் இல்லை. "நேத்து இவா துணியெல்லாம் எடுத்து மடிச்சு வச்சேன் ஜெரூ. ஒரு வருஷமா அந்த அலமாரியத் தொட முடியல. நேத்து சும்மா மடிச்சுட்டேன். நீயும் ஒரு வாய் குடி. சரியாயிரும்."

அன்பாகத்தான் சொன்னான். சொம்பில் ஊற்றி நீட்டினான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் வற்புறுத்தவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அக்கம்பக்கத்தில் என்னவோ என்று நினைப்பார்களே என்று அவன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு, திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

இந்த வீட்டில் அவன் ஒரு வருஷம் எப்படி இருந்திருப்பான் என்பது அப்போதுதான் ஜெரூஷாவுக்கு முழுசாகப் புரிந்தது. அதுவும் வலித்தது. சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. எனக்காகக் காத்திருக்கச் சொன்னேனே என்று கேட்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவன் கண்ணுக்குக் கீழே ஒரு வருஷமாக இருந்த கருவளையம் மறைந்திருந்தது.

"கோர்ட்ட எப்பம் கழுவப் போற?" என்று கேட்டான். பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டான்.

கோர்ட்டு வாசலில் நீதி கேட்டு நின்று, அந்தக் குழாயில் குடித்துவிட்டுக் கேட்க வந்ததைக் கேட்காமல் போகிறவர்களை அவள் நினைக்காமல் இல்லை. காலையில் போனில் கேட்ட ஆஃப்ரினின் குரலையும் நினைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் உத்தரவு வரல," என்றாள்.

ரெக்ஸன் தலையாட்டிவிட்டு, குழம்பை இறக்கிவைக்க எழுந்துபோனான்.